இருளில் ஒலித்த வானொலி

வீட்டுக்குப் பயன்படும் அறிவு இன்று கைப்பேசியின் திரையிலே ஒரு நொடிப்பொழுதிற் கிடைக்கின்றது. மின்குமிழ் எதனை வாங்குவது, மின்கலம் எத்தனை நாள் உழைக்கும், பழுதுற்ற கருவியை எங்ஙனம் திருத்துவது என்னும் வினாக்களுக்கெல்லாம் இணையம் விடை தருகின்றது. ஆயின் மின்சாரமும் இல்லாது, தொலைபேசியும் இல்லாது, கடையிலே மின்கலமும் இல்லாது ஒரு சமுதாயம் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தால், அவ்வறிவு எவ்வழியாகப் பரவும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. அதன் பின்னர் தெற்கிலிருந்து குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. ஆனையிறவு வழியான தரைப்பாதை மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே வள்ளங்களிற் கடந்து போய்வந்தனர். பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல், சீமெந்து, உலர்மின்கலம் முதலிய பல பொருள்கள் குடாநாட்டுக்குள் வரவில்லை. மண்ணெண்ணெய் அளவாகவே வந்தது. வந்ததன் விலையும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நின்றது. குளிர்சாதனப் பெட்டி துணி வைக்கும் அலுமாரியாயிற்று. மின்விசிறி கூரையிலே அசையாது தொங்கிற்று. தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் துணி போர்த்தப்பட்டது. வானொலியை மட்டும் அவ்வாறு ஒதுக்கிவைக்க எவராலும் இயலவில்லை.

இதற்குக் காரணம் வெளிப்படை. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோருக்கும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய விரும்பிய வணிகருக்கும், பரீட்சை நடைபெறுமா நடைபெறாதா என்று காத்திருந்த மாணவருக்கும் உலகத்தோடு எஞ்சியிருந்த தொடர்பு அதுவொன்றே. இலங்கையிலே முறையான வானொலிச் சேவை 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16 ஆம் நாள் கொழும்பிலே தொடங்கியது. 1949 இல் அது ரேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றது. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. தமிழ் நாட்டு இல்லங்களிலுங்கூட இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேளாத வீடு அரிதாயிருந்த காலமொன்று உண்டு. 1941 இல் இலண்டனிலிருந்து தொடங்கிய பி.பி.சி. தமிழோசையும், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சிற்றலையிலே வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பும் 1990 களிலே யாழ்ப்பாணத்தில் ஊரூராகக் கேட்கப்பட்டன. செய்தி நேரம் நெருங்கும்போது அயலவர் ஒரு வீட்டுத் திண்ணையிலே கூடுவர். திண்ணைக்குக் கூட்டம் வருவதில் ஐயமில்லை. பெட்டி பேசுமா என்பதே ஐயமாயிருந்தது.

முதலிலே பழைய மின்கலங்களுக்கு உயிரூட்டும் முயற்சிகள் நடந்தன. ஓய்ந்துபோன மின்கலத்தை வெயிலிலே காயவைத்தால் அது மேலும் சிறிது நேரம் உழைக்கும் என்பதை மக்கள் கண்டறிந்தனர். சிலர் அதன் உறையிலே ஆணியால் துளையிட்டு உப்புநீரை ஊற்றினர். இது வெறும் நம்பிக்கையன்று. சாதாரண உலர்மின்கலத்தின் உள்ளே இருப்பது நாகமும் மங்கனீசு ஈரொட்சைட்டும் ஈரமான உப்புக் கலவையுமாகும். ஈரம் வற்றினாலும், வேதிவினை தளர்ந்தாலும் மின்னோட்டம் குறையும். வெப்பம் வினையைச் சற்றே தூண்டும். உப்புநீர் வற்றிய ஈரத்தைச் சிறிதளவு ஈடுசெய்யும். ஆயின் நாகத்தகடு கரைந்து தீர்ந்த பின்னர் எந்த வைத்தியமும் பலிக்காது. புதிய மின்கலமோ வரவில்லை. ஆகவே வேறொரு வழி காணவேண்டியதாயிற்று.

அவ்வழி ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் சாய்ந்து நின்றது. அதுதான் துவிச்சக்கரவண்டி. யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கையிலே துவிச்சக்கரவண்டி பெற்ற இடம் பெரிது. ஆசிரியரும், தோட்டக்காரரும், மாணவியரும், மீன் விற்போரும் அதிலேயே சென்றனர். இரவுப் பயணத்துக்கு அதன் பின்சக்கரத்திலோ முன்சக்கரத்திலோ ஒரு சிறு தைனமோ பொருத்தப்பட்டிருக்கும். 1831 இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே அதன் அடிப்படை. கம்பிச் சுருளின் அருகே காந்தம் சுழன்றால் கம்பியிலே மின்னோட்டம் பிறக்கும். ரயரில் உராய்ந்து சுழலும் அச்சிறு கருவி பொதுவாக 6 வோல்ற்று அழுத்தத்திலே 3 வாற்று வலுவைத் தருமாறு ஆக்கப்பட்டது.

மூன்று வாற்று என்பது மிகச் சிறியது. பழைய வால்வு வானொலிக்கு அது எம்மாத்திரமும் போதாது. ஆனால் 1947 இல் அமெரிக்காவிலே திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும், 1954 முதலாகக் கைக்கடக்கமான வானொலிகள் சந்தைக்கு வந்ததும் நிலைமையை மாற்றின. இரண்டு அல்லது நான்கு சிறு மின்கலங்களில், அஃதாவது 3 அல்லது 6 வோல்ற்றிலே அவை இயங்கின. துவிச்சக்கரவண்டியின் தைனமோவும் திரான்சிஸ்டர் வானொலியும் ஒன்றுக்கொன்று பொருந்தியமை வியப்பன்று. இரண்டின் தேவையும் ஏறத்தாழ ஒரே அளவின. அவற்றை ஒன்றாக இணைக்கலாமென்று எண்ணிப் பார்த்ததே யாழ்ப்பாணத்தார் செய்த பெரும் பணி.

வண்டியைத் தலைகீழாக நிறுத்துவர். ஒருவர் மிதியைக் கையாற் சுழற்றுவார். தைனமோவிலிருந்து இரு கம்பிகள் வானொலிக்குச் செல்லும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. தைனமோ தருவது ஆடலோட்டம்; வானொலி வேண்டுவது நேரோட்டம். நேரே இணைத்தால் இரைச்சல் கேட்கும், பெட்டியும் பழுதாகலாம். ஆகவே இருவாயி எனப்படும் சிறு உறுப்புகளை இடையிலே வைத்து ஓட்டத்தை ஒரே திசைப்படுத்தி, கொள்ளளவி ஒன்றினால் அதனைச் சீராக்குதல் வேண்டும். வானொலி திருத்துவோர் பழைய பெட்டிகளைப் பிரித்து இவ்வுறுப்புகளை எடுத்துக் கொடுத்தனர். மற்றொரு நுட்பம் கையின் வேகம் பற்றியது. மெதுவாகச் சுழற்றினால் குரல் தேயும். மிக விரைந்து சுழற்றினால் வோல்ற்றளவு எல்லை மீறும். செய்தி வாசிப்பவர் குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் வரும்போது, சுழற்றும் பிள்ளையை நோக்கி, "ஒரே சீராகச் சுத்து தம்பி" என்று பெரியோர் கூறுவது வழக்கம். கை களைத்தால் அடுத்தவர் வந்து மாறுவார். செய்தி முடியும் வரையிலும் மிதி நில்லாது.

ஒலிக்கு வழி கண்டவாறே ஒளிக்கும் வழி காணவேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் சமையலுக்கும் வேண்டும், தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் வேண்டும், விளக்குக்கும் வேண்டும். அரிக்கன் லாம்பு நல்ல ஒளி தரும். ஆயின் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். ஆகவே ஜாம் போத்தல் விளக்குத் தோன்றிற்று. அகன்ற வாயுடைய போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய நூல்திரி ஒன்றைச் சிறு குழாயினூடாக நிறுத்துவர். சுடர் போத்தலின் உள்ளேயே எரிந்தமையாற் காற்றுக்கு அணையாது. திரி மெல்லியதாகையால் எண்ணெய் மிகச் சிறிதே செலவாகும். அவ்வொளியிலே பாடநூலின் ஒரு பக்கம் தெரியும். அறை முழுவதும் தெரியாது. அந்த ஒரு பக்கத்து வெளிச்சத்தைக் கொண்டே அக்காலத்து மாணவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தனர்.

வீதியிலும் சிக்கனம் தன் திறமையைக் காட்டிற்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலேய மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எந்திரத்திலே அது தீப்பற்றாது. ஆதலால் சிறு போத்தலிலே வைத்திருந்த சில துளி பெற்றோலை முதலில் விட்டு எந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய எந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாகையால் அவை தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புதிய வண்டிகள் பொறுக்கவில்லை. வெண்புகையைக் கக்கிச் சென்ற அவ்வண்டிகள் நோயாளரை மருத்துவமனைக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டுசென்றன. சவர்க்காரம் கிட்டாத வீடுகளிலே பனம்பழம் துணி வெளுக்கப் பயன்பட்டது. பாட்டிமார் மறந்திருந்த அறிவு மீண்டும் பேத்திமாரின் கைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் புகழ்ந்து கூறும்போது இவற்றின் தீங்கை மறைத்தல் நேர்மையாகாது. மண்ணெண்ணெய் விளக்கு சரிந்தாற் குடிசையே எரியும். போத்தல் விளக்குகளினால் எரிகாயமுற்றோர் இலங்கையின் எல்லாப் பகுதிகளிலும் இருந்தனர். அவர்களுட் பலர் பெண்களும் பிள்ளைகளுமாவர். சத்திரசிகிச்சை நிபுணரான வைத்தியர் விஜய கொடகும்புர தம்மிடம் வந்த இத்தகைய நோயாளரைக் கண்டு மனம் நொந்து, 1990 களிலே சுதீப என்னும் பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். அது குட்டையானது; கனத்த கண்ணாடியாலானது; ஆதலால் எளிதிற் சரியாது. இரு பக்கமும் தட்டையாயிருப்பதால் சரிந்தாலும் உருளாது. திருகு மூடி உடையதாகையால் எண்ணெய் சிந்தாது. இவ்வெளிய ஆக்கத்துக்காக 1998 இல் அவருக்கு உலகப் புகழ் பெற்ற ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. சிக்கனம் எவ்வளவு சிறந்ததாயினும், காப்பில்லாத சிக்கனத்துக்கு உயிரே விலையாகலாம் என்பதை அவ்விளக்கு உலகுக்கு உணர்த்திற்று.

இவ்வறிவு எவ்வாறு பரவியது என்பதே வரலாற்றாசிரியர் கருதவேண்டிய செய்தி. ஒருவர் எழுதி வெளியிட்ட நூலினாலன்று. சந்தையிலும், கிணற்றடியிலும், துவிச்சக்கரவண்டி திருத்தும் கொட்டிலிலும், பாடசாலை வகுப்பிலும் வாய்மொழியாகவே அது பரவிற்று. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையிலே எழுதிய மின்காந்தத் தூண்டல் அன்று மாலையே மாணவன் வீட்டு முற்றத்திலே வானொலியாக ஒலித்தது. கல்விக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள தொலைவு அக்காலத்தைப்போல என்றுமே குறுகியதில்லை எனலாம். அறிந்தவர் மறைக்கவில்லை, கேட்டவர் வெட்கப்படவில்லை.

1995 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, பலர் கொண்டுசென்ற பெருஞ்சொத்து அந்தத் துவிச்சக்கரவண்டிதான். அதன் பின்னே மூட்டையும், முன்னே குழந்தையும், சிலவேளை கைபிடியிலே தொங்கிய வானொலியும் சென்றன. 1996 இல் பலர் வீடு திரும்பினர். 2002 ஏப்ரலிலே கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டிலே மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிவுற்றது. 2010 களிலே குடாநாடு மறுபடியும் தேசிய மின்வலையமைப்போடு இணைந்தது. இணையமும் கைப்பேசியும் வீட்டுக்கு வீடு வந்தன. தைனமோக்கள் பழைய இரும்புக் குவியலிலே சேர்ந்தன.

ஆயினும் பழைய பாடம் ஒருமுறை மீண்டும் ஒப்புவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதையும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். ஜூலை மாதத்திலே கியூஆர் குறியீட்டு முறை வந்தது. வாகனத்தை இணையத்திலே பதிவுசெய்து, கைப்பேசியிலே பெற்ற குறியீட்டைக் காட்டினாலன்றி எரிபொருள் கிடைக்காது. தொடக்கத்திலே மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும், காருக்கு 20 லீற்றருமே அளவு. 2023 செப்டம்பரிலேதான் அம்முறை நீக்கப்பட்டது. அந்நாட்களிலே துவிச்சக்கரவண்டிக்கு நாடெங்கும் பெருந்தேவை எழுந்தது. தெற்கிலுள்ளோருக்குப் புதியதாயிருந்த துன்பம் யாழ்ப்பாணத்து முதியோருக்குப் பழகிய முகமாயிருந்தது.

அம்முதியோர் அன்று தாமாகவே கைக்கொண்ட ஒழுங்குகள் இன்றைய கருவிகளுக்கும் பொருந்துவனவே. கருவி எவ்வளவு வலுவை வேண்டுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 3 வாற்று எல்.இ.டி. குமிழ் ஒன்று பழைய 25 வாற்று இழைக்குமிழின் அளவு ஒளி தருகின்றது. ஆகவே சிறிய சூரிய மின்தகடும் ஒரு மின்கலமும் ஓர் அறைக்குப் போதும். கைப்பேசிக்கு மின்னேற்றச் சாதாரணமாக 5 வாற்று வேண்டும். எனவே மின்வெட்டு நேரத்திலே தேவையற்ற திரையை அணைத்தலும் ஒருவகைச் சேமிப்பேயாகும். இன்றியமையாத தொலைபேசி எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராது தாளிலும் எழுதிவைத்தல் நன்று. மின்கலத்தால் இயங்கும் வானொலி ஒன்று வீட்டில் இருத்தல் அதனினும் நன்று. வலையமைப்புத் துண்டிக்கப்படும் புயற்காலத்திலே கைப்பேசி ஊமையாகும், வானொலியோ பேசும்.

ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே காத்துவரும் நூலகம் திட்டம் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அச்சேறியவை அவ்வாறு காக்கப்படுகின்றன. ஆனால் ஜாம் போத்தல் விளக்கின் திரியை எத்துணை மெல்லியதாகத் திரிப்பது, தைனமோவை எந்த வேகத்திற் சுழற்றுவது என்பன பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவை அன்று அவற்றைச் செய்தவர்களின் நினைவிலே மட்டும் உள்ளன. அன்று மிதியைச் சுழற்றிய பிள்ளைகள் இன்று நரை கண்டுவிட்டனர். அவர்களுடைய பெற்றோருட் பலர் இவ்வுலகில் இல்லை. இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒலிப்பதிவு செய்யவல்ல கருவி இருக்கின்றது. ஒரு மாலைப்பொழுதில் அவன் அதனைத் தன் பாட்டனார் முன்னே வைத்து, "அந்த நாளிலே வானொலி கேட்டது எப்படி அப்பப்பா?" என்று வினவுவானாயின், எந்த நூலிலும் காணாத வரலாற்றின் ஓர் ஏடு அழியாது நிலைபெறும்.