ஆறாண்டுக் கெடு: ஒரு சட்டப்பிரிவைத் தேடி

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சட்டங்களில் ஒரு பிரிவு உண்டு. ஆட்சிப் பேரவை (செனட்), ஆட்சிக்குழு (சிண்டிகேட்) முதலிய அவைகளில் மொத்தம் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், அதன்பின் தேர்தல் வழியாகவும் வர முடியாது, நியமனம் வழியாகவும் வர முடியாது. ஒரு முறை விட்டு மறுமுறை வரலாம் என்ற சலுகையும் இல்லை. ஆறு ஆண்டு முடிந்தால் முடிந்ததுதான். சட்டமன்ற உறுப்பினருக்கு இப்படி ஒரு கெடு கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கிடையாது. செனட்டுக்கும் சிண்டிகேட்டுக்கும் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இந்தக் கேள்வியை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "எல்லாம் முதலியாரால வந்ததுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்லூரி ஆசிரியர் வட்டாரத்தில் இந்தப் பதிலை வேறு சிலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இருபத்தேழு ஆண்டுகள். மூன்றாண்டுப் பதவி ஒன்றில் திரும்பத் திரும்ப அமர்த்தப்பட்டு, எண்பது வயதைத் தாண்டும்வரை அவர் இருந்தார். பிள்ளைப்பேற்று மருத்துவத்தில் பேர்பெற்றவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், உலக சுகாதார நிறுவனத்தின் பேரவைக்குத் தலைமை தாங்கியவர். இப்படி ஒருவர் இனி வரக்கூடாது என்றுதான் சட்டம் போட்டார்கள் என்பது கதை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரதியார் பல்கலைக்கழகச் சட்டத்தையும் பாரதிதாசன் பல்கலைக்கழகச் சட்டத்தையும் எடுத்து வைத்துப் படித்தால் நிற்காது. இரண்டும் 1981-ஆம் ஆண்டுச் சட்டங்கள், முதலியார் பதவியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தவை. கால இடைவெளியைக்கூட விட்டுவிடலாம். ஆறாண்டுப் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பதவி வழி உறுப்பினர்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது என்கிறது. துணைவேந்தர் செனட்டிலும் சிண்டிகேட்டிலும் உட்காருவது பதவி வழியாகத்தான். முதலியாரே இன்று திரும்பி வந்தாலும் இந்தப் பிரிவு அவரைத் தொடாது. துணைவேந்தரின் பதவிக்காலத்துக்குச் சட்டத்தில் வேறு இடம் இருக்கிறது. ஆகவே குறி வேறு யார் மீதோ வைக்கப்பட்டிருக்கிறது.

யார் என்று அறிய இரண்டு வழிகள். ஒன்று, பிரிவின் அடியில் இருக்கும் விளக்கங்களைப் படிப்பது. மற்றொன்று, தொடக்கத்துக்கே போவது. நான் முதலில் தொடக்கத்துக்குப் போனேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது 1857-இன் 27-ஆம் சட்டம். தேதி செப்டம்பர் 5. வடக்கே கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த மாதம். கவர்னர் ஹாரிஸ் பிரபு வேந்தர், தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன் துணைவேந்தர், இவர்களோடு ஃபெலோக்கள் என்ற உறுப்பினர்கள். சேர்ந்து ஆண்டவர்கள் இவர்கள்தான். ஃபெலோவுக்கு எத்தனை ஆண்டு என்று தேடினேன். சட்டத்தில் ஆண்டுக் கணக்கே இல்லை. இடம் காலியாகும் வழிகளை மட்டும் சொல்கிறது: இறப்பு, ராஜினாமா, அரசு நியமனத்தை ரத்து செய்வது, திரும்பி வரும் எண்ணமில்லாமல் இந்தியாவை விட்டுப் போவது.

கடைசி வழியில் நான் நெடுநேரம் நின்றேன். வெள்ளைக்கார அதிகாரிக்கு உத்தியோகம் முடிந்தால் கப்பலேற்றம். அன்றே ஃபெலோ பதவியும் போயிற்று. மயிலாப்பூர் வக்கீலுக்கு எந்தக் கப்பல்? அவர் சாகும்வரை ஃபெலோ. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளில் விளைவு தெரிந்தது. வந்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் தங்கினார்கள். பல்கலைக்கழகக் காலண்டர்களில் ஃபெலோக்களின் பட்டியலைப் புரட்டும்போது இந்த ஓட்டம் கண்ணில் படும்.

அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபுவின் கண்ணிலும் பட்டது. 1901-இல் சிம்லாவில் கல்வி மாநாடு, 1902-இல் தாமஸ் ராலே தலைமையில் பல்கலைக்கழக ஆணையம், 1904-இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். செனட்டுகள் பெருத்துவிட்டன, படிப்போடு தொடர்பில்லாதவர்கள் ஆயுளுக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அது பொய்யில்லை. கூட்டத்துக்கே வராதவர்கள் பலர் இருந்தார்கள். 1904 சட்டம் ஃபெலோவுக்கு ஐந்தாண்டு என்று முதன்முறையாகக் கெடு வைத்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் சாதாரண ஃபெலோக்கள் ஐம்பதுக்குக் குறையாமல், நூற்றுக்கு மேற்படாமல் இருக்கலாம் என்றது.

இந்த நூற்றை உடைத்துப் பார்த்தபோது எனக்குத் தேடலின் திசையே மாறிவிட்டது. பத்துப் பேரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னும் பத்துப் பேரைப் புலங்கள் தேர்ந்தெடுக்கும். மிச்சம் அத்தனை பேரும் வேந்தரின் நியமனம். வேந்தர் யார்? சென்னையில் கவர்னர். ஆக, நூறு பேர் கொண்ட செனட்டில் எண்பது பேருடைய அடுத்த ஐந்தாண்டு கவர்னரின் கையெழுத்தில் இருந்தது. ஆயுள்காலத்துக்கு உட்கார்ந்தவர் சோம்பேறியாக இருக்கலாம், ஆனால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநியமனத்துக்குக் காத்திருப்பவர் பயப்பட வேண்டும். கோபால கிருஷ்ண கோகலே இம்பீரியல் சட்டசபையில் அந்த மசோதாவை எதிர்த்தார். பல்கலைக்கழகம் அரசின் ஓர் இலாகாவாகிவிடும் என்பது எதிர்ப்பின் சாரம். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். காலக்கெடு நல்லதுதான். ஆனால் மறுபடி நியமிக்கும் கை ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தக் கெடு கழுத்தில் கட்டிய கயிறு.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பதவி வழி ஃபெலோக்கள் பத்துப் பேர் வரை இருக்கலாம். இவர்களுக்கு ஐந்தாண்டு இல்லை. 1857 சட்டத்திலும் இப்படித்தான். நீதிபதிக்கும் பேராயருக்கும் பதவியோடு நாற்காலி ஒட்டியிருந்தது. அப்போது இதைக் குறித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

1923-இல் நீதிக்கட்சி அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஏ.பி. பாத்ரோ கொண்டுவந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் தேர்தலை விரிவாக்கியது, பதவிக்காலத்தை மூன்றாண்டாக்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாக்கு கிடைத்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்தார்.

இப்போது 1981-க்கு, அந்த விளக்கங்களுக்குத் திரும்பலாம். சட்டத்தில் விளக்கம் என்ற பெயரில் வருவதெல்லாம் பெரும்பாலும் யாரோ கண்டுபிடித்த சந்துக்குப் போட்ட கதவுதான். முதல் விளக்கம்: ஓர் அவையில் மூன்றாண்டும் இன்னொன்றில் மூன்றாண்டும் இருந்தாலும் ஆறாகவே கணக்கு. அதாவது, செனட்டிலிருந்து சிண்டிகேட்டுக்குத் தாவி, என் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இரண்டாம் விளக்கம்: இடையில் காலியான இடத்துக்கு வந்து ஓராண்டுக்குக் குறையாமல் இருந்தால், மூன்றாண்டு இருந்ததாகவே கொள்ளப்படும். இடைத்தேர்தல் வழியாக நுழைந்து, அது முழுப் பருவமில்லை என்று வாதிட இடமில்லை. மூன்றாவது கொஞ்சம் இரக்கம் உள்ளது: ஓர் அவையின் உறுப்பினர் என்பதாலேயே மற்றொன்றிலும் உறுப்பினரானால் இரட்டைக் கணக்கு கூடாது.

இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால் பிரிவு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று விளங்கிவிடும். துணைவேந்தரை இல்லை. தேர்தலைத் தொழிலாகவே கற்றுக்கொண்டு, ஆசிரியர் தொகுதி, பட்டதாரித் தொகுதி, நியமனம் என்று மாறி மாறி வந்துகொண்டிருந்த உறுப்பினரை. கல்லூரி இணைப்பும் பணி நியமனமும் சிண்டிகேட்டின் மேசையில் முடிவாகும் நாட்டில் அந்த நாற்காலிக்கு விலை அதிகம். அதை ஒரே ஆள் காலமெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தை முழுமனதோடு ஏற்கிறேன். 1904 கெடுவைவிட இது நேர்மையானதும்கூட. ஆறாண்டுக்குப் பின் வாக்காளரும் கொண்டுவர முடியாது, அரசும் நியமிக்க முடியாது என்று இரண்டு கைகளையும் ஒருசேரக் கட்டுகிறது. இதே ஆறாண்டுக் கெடு 1997-இன் பெரியார் பல்கலைக்கழகச் சட்டத்திலும் தொடர்கிறது.

ஆனால் நான் குறித்து வைத்திருந்த வரி இங்கேயும் வந்து நிற்கிறது. 1857, 1904, 1981. ஆயுள் ஐந்தானது, ஐந்து மூன்றானது, மூன்றுக்கு மேல் ஆறு என்ற சுவர் எழுந்தது. மூன்று காலத்திலும் கெடுவே தொடாத ஒரே வகை பதவி வழி உறுப்பினர். அன்று பேராயர், இன்று உயர்கல்வித் துறைச் செயலர், சட்டத் துறைச் செயலர், கல்லூரிக் கல்வி இயக்குநர். ஆள் மாறுகிறாரே, பிறகு என்ன என்று கேட்கலாம். ஆள் மாறுகிறார், அரசின் நாற்காலி மாறுவதில்லை. ஆசிரியர் பிரதிநிதி ஆறாண்டில் வேலை கற்றுக்கொண்டு வெளியேறும்போது, கோப்புகளின் நினைவு முழுவதும் கோட்டையில் தங்கிவிடுகிறது.

இதன் விளைவை அண்மையில் கண்ணெதிரே பார்த்தோம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் 2025-லும் அது நிரப்பப்படவில்லை. உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தை நடத்தியது. வேறு பல்கலைக்கழகங்களிலும் இப்படிக் குழுக்கள் வந்தன. துணைவேந்தருக்கு மூன்றாண்டு, உறுப்பினருக்கு ஆறாண்டு என்று இவ்வளவு கவனமாக எண்ணிய சட்டம், தற்காலிகக் குழுவின் நாட்களை எண்ண மறந்துவிட்டது.

பல்கலைக்கழகச் சட்டங்களை அடுத்து யார் திருத்தினாலும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: ஒருங்கிணைப்புக் குழுவின் ஆயுள் ஆறு மாதம், அதற்குமேல் நீடித்தால் காரணத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் பட்டதாரித் தொகுதியில் வாக்குள்ளவர்களும் இதைக் கேட்க வேண்டும்.