புழுங்கல் அரிசியும் கேட்கப்படாத கேள்வியும்



அண்மையில் ஜார்ஜ்டவுன் பாசார் தெருவில் மளிகை வாங்கச் சென்றிருந்தேன். கடை வாயிலில் அடுக்கியிருந்த புழுங்கல் அரிசி மூட்டைகளைக் கண்டதும், இந்நாட்டின் மருத்துவ வரலாற்றில் அவ்வரிசிக்கு உள்ள இடம் நினைவுக்கு வந்தது. கூடவே, என் வகுப்பறையில் நான் இழைத்த பிழை ஒன்றும் நினைவுக்கு வந்தது. முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டி வந்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடை தளரும், இறுதியில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையினராக மாண்டனர். ஆனால், அதே மண்ணில் வறுமையில் உழன்ற நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டப்பட்ட வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசிக்குள் ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. இது நாம் இன்று அறிந்தது. அன்று அச்சத்தின் பெயரைக்கூட எவரும் அறியார். வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு சேர்வதாகவே பிராடன் கருதினார். வேறு சிலர் இது தொற்றுநோய் என்றனர்; இடத்தின் தீங்கு என்றாரும் உளர்.

ஐயத்தைத் தீர்க்க ஆய்வு தேவைப்பட்டது. கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் அதனை மேற்கொண்டார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், நோயாளிகள் அனைவரும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றை எண் பெற்றோர் கிழக்குக் கூடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வழக்கம்போல் சயாம் வெள்ளை அரிசி. இரட்டை எண் பெற்றோர் மேற்குக் கூடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. இடத்தின் குற்றமோ என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் கூடங்களும் மாற்றப்பட்டன.

ஓராண்டு முடிந்தபோது, வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பலருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் அந்நோயால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் இம்முடிவு இலண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் ஜெலுபுப் பகுதியில் சாலை அமைத்துக் கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இவ்வாய்வைத் தொடர்ந்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியதும் அவ்வரிசி நிறுத்தப்பட்டது. இது போற்றத்தக்கது. ஆனால், அதன்பின் புழுங்கல் அரிசி உண்டு நலமாயிருந்த பிரிவினருக்கு வெள்ளை அரிசி வழங்கப்பட்டது. அவர்களிடையேயும் நோய் தோன்றியது.

இவ்வாய்வுகளின் பயன் பெரிது என்பதை மறுக்க இயலாது. பெரிபெரி உணவுக் குறையால் விளைவது என்பதற்கு இவை வலுவான சான்றாயின. 1926இல் ஜான்சன், டோனாத் என்னும் இரு அறிஞர்கள் பத்தாவியாவில் தயமினைத் தனியே பிரித்தெடுத்தனர்.

எனினும், என் மனத்தை ஒரு கேள்வி விடாமல் உறுத்துகிறது. அந்த 18 பேரை யாரேனும் கேட்டார்களா?

ஃபிளெட்சரை அரக்கராகச் சித்திரிப்பது நேர்மையன்று. அவர் எவருக்கும் புதிதாக நஞ்சூட்டவில்லை. ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவே தொடர்ந்தது. நோயின் காரணமும் அன்று உறுதிப்படவில்லை. ஆனால், ஒரு கூடத்தில் மட்டும் சாவு மிகுந்துகொண்டே போனபோது ஆய்வு ஏன் ஓராண்டு முழுதும் தொடர வேண்டும்? காப்பகத்து நோயாளிக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் வழி ஏது? ஆய்வுக்கு எளிதில் கிடைத்தவர்கள் யாவரும் மறுக்க இயலாதவர்களாகவே இருந்தது தற்செயலா?

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், டச்சு மருத்துவர் வோர்டர்மன் ஜாவாவின் நூறுக்கும் மேற்பட்ட சிறைகளில் எவ்வகை அரிசி வழங்கப்படுகிறது, எத்தனை பேருக்குப் பெரிபெரி உள்ளது எனக் கணக்கெடுத்திருந்தார். அவர் எவருடைய தட்டையும் மாற்றவில்லை. அவ்வழியிலும் உண்மை புலப்பட்டது.

உலகம் இப்பாடத்தைக் காலந்தாழ்த்தியே கற்றது. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப் பின், 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை, பங்கேற்பவரின் தன்விருப்ப இசைவே முதன்மையானது என்றது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மனிதரை ஆய்வுப் பொருளாகக் குறித்த சொல் நீக்கப்பட்டு ‘பங்கேற்பாளர்’ என்னும் சொல் இடம்பெற்றது. ஒரு சொல் மாற 60 ஆண்டுகள் ஆயின! இன்று நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மனித ஆய்வுகளைச் சீர்தூக்கும் அறநெறிக் குழு உண்டு.

இனி, என் பிழைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், செயலாய்வு ஒன்றிற்காக என் மூன்றாம் ஆண்டு மாணவர்களை வருகைப் பதிவேட்டின்படி ஒற்றை எண், இரட்டை எண் எனப் பிரித்தேன். இரட்டை எண் மாணவர்களுக்கு நாள்தோறும் வாசிப்புப் பயிற்சி, மற்றவர்களுக்கு இல்லை. ஆறாவது வாரத்திலேயே வேறுபாடு தெளிவாயிற்று. ஆயினும், பன்னிரண்டு வாரம் எனத் திட்டமிட்டிருந்ததால் தொடர்ந்தேன். எட்டாவது வாரம் ஒரு தாய் வந்தார்.

“டீச்சர், அந்த வாசிப்புக் குழுவில் என் மகன் ஏன் இல்லை? அவனுக்குப் படிப்பு வராது என்று ஒதுக்கிவிட்டீர்களா?”

அவன் எண் ஒற்றைப்படை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுநாளே எல்லாருக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். என் ஆய்வறிக்கை அரைகுறையாயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை. அந்த எட்டு வாரங்களுக்காக இன்றும் வருந்துகிறேன். சில காலம் கழித்து ஃபிளெட்சரின் ஆய்வைப் படித்தபோது ‘ஒற்றை எண்’ என்னும் சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது.

உயிர்ச்சேதத்தையும் வாசிப்புப் பயிற்சியையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால், இரண்டிலும் ஒரே பிழை உள்ளது. நம் பொறுப்பில் இருப்பவரின் மௌனத்தை நாம் இசைவு எனக் கொண்டோம். ஆசிரியர் சொன்னால் மாணவன் மறுக்கமாட்டான். அதனாலேயே அவனிடமும் அவன் பெற்றோரிடமும் கேட்கும் கடமை நமக்கு இரு மடங்காகிறது.

ஆசிரிய நண்பர்களே, செயலாய்வைக் கைவிட வேண்டா. தொடங்குமுன் பெற்றோருக்கு எளிய தமிழில் விளக்குங்கள். மறுப்பவரின் பிள்ளைக்கு எக்குறையும் நேராது என உறுதி கூறுங்கள். நன்மை தெரிந்தவுடன் அதனை அனைவருக்கும் வழங்குங்கள்.

பெற்றோர்களே, பள்ளியிலிருந்து இசைவுப் படிவம் வந்தால் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள், என் பிள்ளைக்கு என்ன பயன், வேண்டாவெனில் விலகலாமா என மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அக்கேள்விகளை ஒரு நல்ல ஆசிரியர் குறையாகக் கருதமாட்டார்.

அந்தக் காப்பகத்தில் மாண்ட 18 பேருக்காக அவற்றைக் கேட்க அன்று எவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம்.