நடுநிலைப் பள்ளிக் கணக்கு: பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டிய ஐந்து வழக்கங்கள்

ஐந்தாம் வகுப்புவரை நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளை, ஆறு, ஏழாம் வகுப்பில் திடீரெனத் தடுமாறுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். முழுக்கள், விகிதம், இயற்கணிதம், சதவீதம் எல்லாம் இந்த வயதில்தான் வருகின்றன. இங்கே விட்டுப்போனால் பத்தாம் வகுப்பில் பிடிப்பது கடினம். டியூஷன் மட்டும் இதைச் சரிசெய்யாது. வீட்டு வழக்கமும் வேண்டும்.

1. கணக்குகளைக் கலந்து போடுங்கள்

ஆரணி பட்டுத்தறியை வைத்தே இரண்டு கணக்குகள்:

அ) 3 சேலைக்கு 16.5 மீட்டர் துணி என்றால், 5 சேலைக்கு எவ்வளவு?

ஆ) 4 தறிகளில் 12 நாளில் முடியும் வேலை, 6 தறிகளில் எத்தனை நாளில் முடியும்?

முதலாவது நேர் விகிதம், விடை 27.5 மீட்டர். இரண்டாவது எதிர் விகிதம். தறி கூடினால் நாள் குறையும், விடை 8 நாள். நேர் விகிதக் கணக்கையே பத்து முறை போட்ட பிள்ளை, இரண்டாவதற்கும் அதே வழியில் 18 நாள் என்று எழுதிவிடும். கணக்குப் போடத் தெரிந்தும், எந்த வழி என்று தேர்ந்தெடுக்கத் தெரியாததுதான் காரணம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 7ஆம் வகுப்பு மாணவர்கள் 126 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. மறுபார்வை முடிந்த மறுநாள் வைத்த தேர்வில், கலந்து பயிற்சி செய்த பாடத்தில் சராசரி 80 சதவீதம். ஒரே வகையாகச் செய்ததில் 64. ஒரு மாதம் கழித்து வைத்த தேர்விலோ 74க்கு 42!

2. தினமும் 30 நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் அரை மணி நேரம் மேல். மஃரிபுக்குப் பிறகோ, இஷாவுக்குப் பிறகோ, ஒரே நேரத்தை நிலையாக வையுங்கள். அன்றைய பாடத்தில் 5 கணக்கு, பழைய பாடங்களிலிருந்து 5 கணக்கு. மத்ரஸாவில் புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

3. விடையைப் பார்க்காமல் போடட்டும்

நோட்டில் உள்ள கணக்கைப் படித்தால் எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். மாதிரிக் கணக்கை மூடிவைத்து, வெற்றுத் தாளில் முதலிலிருந்து போட்டால்தான் தெரிந்ததும் தெரியாததும் பிரியும்.

4. தவறுக்கு ஒரு தனி நோட்டு

தப்பான கணக்கை அடித்துவிட்டுப் போகாமல், எங்கே தவறியது என்று ஒரு வரி எழுதட்டும்: குறியை விட்டேன், வாய்ப்பாடு மறந்தேன், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதே கணக்கை மீண்டும் போட வேண்டும். வாய்ப்பாட்டில்தான் தவறு அதிகம் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

5. கணக்குத் தெரியாத பெற்றோரும் உதவலாம்

தறியில் இருந்தபடியோ, சமைத்தபடியோ, "இங்கே ஏன் பெருக்கினாய்? ஏன் வகுத்தாய்?" என்று கேளுங்கள். சரியா தவறா என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. விளக்கிச் சொல்லும்போதே பிள்ளை தன் தவறைப் பல சமயம் தானே கண்டுபிடித்துவிடும். "உனக்குக் கணக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

8ஆம் வகுப்பில் ஒரு வாய்ப்பு

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்புப் படிப்போர், தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வை எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. தேர்வானவர்களுக்கு 9 முதல் 12ஆம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என இரண்டு தாள்கள். படிப்பறிவுத் தேர்வில் பல பாடக் கேள்விகளும் வரும். எட்டாம் வகுப்பு தொடங்கியதும் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். பயிற்சியை மட்டும் ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.