2⁶⁷−1 என்னும் எண்: பகாமை மறுப்பும் காரணி காண்டலும்

ஆய்வுச்சுருக்கம்

2⁶⁷−1 என்னும் 21 இலக்க எண் பகா எண் என 1644இல் அறிவிக்கப்பட்டது. 1876இல் அக்கூற்று மறுக்கப்பட்டது. 1903இல் அதன் காரணிகள் வெளியிடப்பட்டன. ஓர் எண் பகு எண் என அறிதலும் அதன் காரணிகளை அறிதலும் வெவ்வேறானவை என்பதை இவ்வெண்ணின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: பகா எண், காரணி, நிறைவெண், மெர்சென், லூக்கா, கோல்

முன்னுரை

தன்னை நீக்கிய பிற காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். 6, 28 ஆகியன சான்றுகள். 2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண் பகா எண்ணாயின், அதனை 2இன் முந்தைய அடுக்கால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என யூக்ளிட் நிறுவினார். எனவே, எவ்வடுக்குகள் பகா எண்களைத் தரும் என்னும் வினா நிறைவெண் தேடலோடு பிணைந்தது.

மெர்சென்னின் பட்டியல்

பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய 11 மட்டுமே பகா எண்களைத் தரும் என்றார். 67, 257 இரண்டும் பிழையாக இடம்பெற்றவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

லூக்காவின் மறுப்பு

147,573,952,589,676,412,927 என விரியும் 2⁶⁷−1 பகா எண் அன்று என்பதை 1876இல் எதுவார் லூக்கா காட்டினார். அவர்தம் முறை எண்ணின் தன்மையை உணர்த்துவது; காரணி எதனையும் தருவதன்று. பகு எண் எனத் தெரிந்தும் எவற்றின் பெருக்கம் எனத் தெரியாத நிலை 27 ஆண்டுகள் நீடித்தது.

கோலின் பகுப்பு

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல், அவ்வெண் 193,707,721 × 761,838,257,287 எனப் பகுபடுவதை அறிவித்தார்.

இவ்வெண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் 134இன் மடங்கைவிட 1 கூடியதாகவும், 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருவதாகவும் அமைதல் வேண்டும். 193,707,721 என்பது 134 × 1,445,580 + 1. 8ஆல் வகுக்க மீதி 1. மற்றையது 134 × 5,685,360,129 + 1; மீதி 7. இவ்விரு நிபந்தனைகளை மட்டும் கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பின், சிறிய காரணியை எட்ட 722,790 எண்களைச் சோதிக்க நேரும். கைக்கணக்கின் காலத்தில் இதன் சுமை வெளிப்படை.

கதையும் சான்றும்

கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், அவை கைதட்டியது என்றும் எரிக் டெம்பிள் பெல் 1951இல் எழுதினார். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டதாகக் கோல் 1911இல் தம்மிடம் கூறினார் என்பதும் அவர் கூற்றே. 1903இல் பெல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் மாணவர். அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட அவர் கூற்றை நேர்ச்சாட்சியாகக் கொள்வது பொருந்தாது. கோலின் ஆய்வுரையோ கழக இதழில் அச்சேறியுள்ளது.

முடிவுரை

மெர்சென்னின் கூற்றை ஏற்க நம்பிக்கை வேண்டியிருந்தது. லூக்காவின் மறுப்பை ஏற்க அவர்தம் முறையில் பயிற்சி வேண்டியிருந்தது. கோலின் விடையைச் சரிபார்க்கப் பெருக்கல் ஒன்றே போதும். காண்டற்கு அரியதாயினும் சரிபார்த்தற்கு எளியதாக அமைந்தமையே அவ்விடையின் சிறப்பு. கரும்பலகைக் கதை ஐயத்திற்குரியதாயினும் பெருக்கற்பலன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.