கேட்டர்ஹாமிலிருந்து வந்த ஆய்வாளர்கள்

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்துக் கேட்டர்ஹாமில் செயின்ட் லாரன்ஸ் மருத்துவமனை இருந்தது. பெயர்தான் மருத்துவமனை, அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என முத்திரை குத்தப்பட்டோர் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த இடம் அது. 1974இல் அங்கிருந்து 'டங் டைட்' என்ற சிறு தன்வரலாறு வெளிவந்தது. மூளை முடக்குவாதம் கொண்ட ஜோயி டீக்கனின் பேச்சு அவருடைய நண்பர் எர்னி ராபர்ட்ஸுக்குத்தான் விளங்கும். ஜோயி சொல்ல, எர்னி விளக்க, மைக்கேல் சாங்ஸ்டர் எழுத, டாம் பிளாக்பர்ன் தட்டச்சு செய்தார். நால்வருமே அங்கு தங்கியிருந்தவர்கள். நூல் முடிய 14 மாதம் ஆயிற்று.

அறிவியல் உலகம் அதுவரை இத்தகையவர்களைச் சோதனைப் பொருளாகவே பார்த்தது. சுவீடனின் வீப்பெஹோல்ம் மருத்துவமனையில், பல் சொத்தை எப்படி உண்டாகிறது என்று பார்க்க, நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய் தந்தார்கள். அமெரிக்காவின் ஃபெர்னால்ட் பள்ளியில் 'அறிவியல் கழகம்' என்று ஆசை காட்டிச் சிறுவர்களைச் சேர்த்து, கதிரியக்கப் பொருள் கலந்த ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். நியூயார்க்கின் வில்லோபுரூக்கில் 1956 முதல் குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே ஏற்றினார்கள்.

பின்னர் ஒப்புதல் விதிகள் இறுகின. அவை தீங்கைத் தடுத்தனவே தவிர, பேச இடம் தரவில்லை.

அந்த இடம் வாழ்க்கைக் கதைகள் வழியாகத்தான் கிடைத்தது. 1967இல் ஆய்வாளர் ராபர்ட் எட்ஜர்ட்டன், கலிஃபோர்னியா மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளியேறியவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். தகவல் அவர்களுடையது, முடிவு எட்ஜர்ட்டனுடையது. 1976இல் போக்டன், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் ஓர் இளைஞரின் கதையை அவர் சொற்களிலேயே உளவியல் இதழொன்றில் வெளியிட்டார்கள். இதற்கிடையே 1974இல் ஓரிகன் மாநிலத்தில் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற தன்னுரிமை இயக்கம் பிறந்து, பிரிட்டனுக்கும் பரவியது.

அந்த இயக்கத்தின் லண்டன் கிளைத் தலைவராக இருந்தவர் மேபல் கூப்பர். அவரும் செயின்ட் லாரன்ஸில் சுமார் 20 ஆண்டு இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பேசியதை, திறந்தநிலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் டொரதி அட்கின்சன் பதிவு செய்து, எழுதி, திரும்பப் படித்துக் காட்டினார். 1997இல் 'ஃபர்காட்டன் லைவ்ஸ்' தொகுப்பில் அக்கதை இடம்பெற்றது. மருத்துவமனைக் கோப்புகள் அதிகாரிகளின் தீர்ப்புகளைச் சொல்லும். வார்டுக்குள் வாழ்ந்தது எப்படி என்பதை மேபலால்தான் சொல்ல முடியும். 2010இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

இந்த அனுபவங்களிலிருந்து ஜான் வால்ம்ஸ்லி, கெல்லி ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் 'உள்ளடக்கிய ஆய்வு'க்கு வரையறை தந்தார்கள். ஆய்வுக் கேள்வி குறைபாடு உள்ளவர்களுக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். போக்கிலும் முடிவிலும் அவர்களுக்கு ஓரளவேனும் அதிகாரம் வேண்டும். அறிக்கை அவர்களுக்குப் புரிய வேண்டும்.

நடைமுறை எளிதாக இல்லை. நேர்காணல் எடுப்பதில் சேர்க்கப்பட்டவர்கள் தரவுகளைப் பகுத்தாயும் கட்டத்தில் ஒதுங்க நேர்ந்தது. சம்பளம் வாங்கினால் அரசு உதவித்தொகை குறையுமோ என்ற கவலையும் இருந்தது. சௌத்தாம்ப்டனைச் சேர்ந்த மெலனி நைண்டும் ஹில்ரா வின்யாவும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குறைபாடு உள்ள, இல்லாத ஆய்வாளர்களை ஒன்றாக அமர்த்தி விவாதித்தார்கள். ஒரே சரியான வழி என்று எதுவும் தேறவில்லை. சில குழுக்களில் குறைபாடு இல்லாதவர்கள் மற்றவர்களுக்குத் துணைநின்றார்கள், சிலவற்றில் இரு தரப்பும் பேசி முடிவெடுத்தன, சிலவற்றில் ஒருவரையொருவர் சார்ந்து இயங்கினார்கள். பேச்சே இல்லாத, கடுமையான குறைபாடு உள்ளவர்களை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இத்துறையின் விவாதம் இன்னும் நீள்கிறது.