கார்ல் செர்னி: பீத்தோவனின் சீடர், லிஸ்டின் ஆசான்

பீத்தோவன் என்னும் மேதையின் பியானோ வித்தை அவரோடு மறைந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது யாரால் என்று கேட்டால், ஐரோப்பிய மேடைகளில் கீர்த்தி பெற்ற எந்த வித்துவானையும் சுட்டாமல், வியன்னா நகரில் காலை முதல் இரவு வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த கார்ல் செர்னியையே நான் சுட்டுவேன்.

மொஸார்ட் காலமான அதே 1791-ஆம் ஆண்டில், அதே வியன்னாவில் பிறந்தவர் அவர். தகப்பனார் பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறியவர். பியானோ கற்பிப்பதும் பழுது பார்ப்பதுமே அவருக்கு ஜீவனம். பிள்ளைக்குப் பத்து வயதான சமயத்தில், குடும்ப நண்பரான ஒரு வயலின் வித்துவான் அவனைப் பீத்தோவனிடம் அழைத்துச் சென்றார். பல மாடிகள் ஏறிச் சேர்ந்த அந்த அறையில் காகிதங்களும் துணிமணிகளும் இறைந்து கிடந்ததையும், வாரப்படாத கறுத்த தலைமயிரோடு நின்ற அம்மனிதரின் காதுகளில் மஞ்சள் மருந்து தோய்த்த பஞ்சு செருகியிருந்ததையும் செர்னி பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சிறுவன் மொஸார்ட்டின் கான்செர்ட்டோ ஒன்றை வாசிக்கத் தொடங்கியதும், பீத்தோவன் அருகில் வந்து, வாத்திய கோஷ்டி வாசிக்க வேண்டிய பகுதிகளைத் தம் இடது கையால் சேர்த்து வாசித்தாராம். அந்தக் கணமே சிஷ்யன் அங்கீகரிக்கப்பட்டான் என்று கொள்ளலாம்.

ஆரம்பப் பாடங்களில் உருப்படி ஏதும் இல்லை. நம்மூர்ப் பாட்டு வாத்தியார்கள் சரளி வரிசையில் பிள்ளைகளை நிறுத்திவைப்பதுபோல, எல்லா சுருதிகளிலும் ஸ்வர வரிசைகள், கையை வைக்கும் முறை, அக்காலத்தில் பலரும் அறியாதிருந்த கட்டைவிரல் பிரயோகம் ஆகியவற்றிலேயே குரு அவனைப் பழக்கினார்.

சில ஆண்டுகளுக்குள் பீத்தோவனின் பியானோ கிருதிகள் முழுவதும் செர்னிக்கு மனப்பாடமாகிவிட்டன. 1812-இல் குருவின் ‘எம்பெரர்’ கான்செர்ட்டோ முதன்முறையாக வியன்னாவில் ஒலித்தபோது வாசித்தவரும் அவரே. இருந்தும், வயோதிகப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக இருந்தமையாலும், சபையை மயக்கும் ஜாலம் தம்மிடம் இல்லை என்று அவரே கருதியமையாலும், மேடையை நாடாமல் பதினைந்து வயதிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பாடங்கள் என்று 1836 வரையில் அயராது நடத்தினார்.

1816-இல் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஐந்து வாத்தியங்களுக்காகப் பீத்தோவன் எழுதிய கிருதி ஒன்றை ஒரு கச்சேரியில் வாசித்தபோது, இளமையின் உத்ஸாகத்தில் செர்னி தம் சொந்த அலங்காரங்களைச் சேர்த்துவிட்டார். குரு பலர் முன்னிலையில் சீறினார். மறுநாளே, நேற்றுக் கோபித்துக்கொண்டதற்கு வருந்துவதாகவும், ஆயினும் தான் எழுதியது எழுதியபடியே ஒலிக்கக் கேட்க விரும்பும் ஒரு படைப்பாளியை மன்னிக்க வேண்டுமென்றும் கடிதம் எழுதினார். செர்னி அந்தப் பாடத்தை மறக்கவேயில்லை. பீத்தோவனின் கிருதிகளில் ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் எவருக்கும் உரிமையில்லை என்று தம் பியானோ நூலில் அவர் பிற்காலத்தில் விதித்தது, குருவின் சினத்தை நேரில் அனுபவித்தவரின் வாக்கு.

1819-இல் ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். வெளுத்து மெலிந்த அச்சிறுவன், மது அருந்தியவனைப்போல் ஆசனத்தில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு, எந்த விதியும் அறியாமல் விரல்களை வீசி வாசித்தான். ஆனால் இயற்கை அவனுக்கு அருளியிருந்த சக்தியைக் கண்டு செர்னி பிரமித்துப்போனார். அவன்தான் பிரான்ஸ் லிஸ்ட். பின்னர் அக்குடும்பம் வியன்னாவில் குடியேறியபோது, பகற்பொழுதெல்லாம் பிறருக்குப் பாடம் சொல்லிக் களைத்த ஆசிரியர், மாலைதோறும் அவனுக்குத் தாளமும் விரலொழுங்கும் கற்பித்தார். தகப்பனார் நீட்டிய தக்ஷிணையை ஏற்க மறுத்தார். உலகமே போற்றிய வித்துவானாக வளர்ந்த லிஸ்ட், 1852-இல் வெளியிட்ட தம் மகத்தான பயிற்சிக் கிருதிகளின் தொகுதியை இந்த ஆசானுக்கே சமர்ப்பித்தார்.

செர்னி எழுதியவை ஓபஸ் எண் 861 வரை செல்கின்றன. அவற்றுள் பயிற்சி நூல்களை மட்டுமே அறிந்து, வறட்சியான வாத்தியார் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் பலர். அவர்களுடைய தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து 1857 ஜூலை 15-ஆம் தேதி அவர் காலமானபோது, சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி வியன்னாவின் சங்கீத சபைக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் சேர்ந்தது. அவருடைய சிஷ்ய பரம்பரையும் அவரோடு நின்றுவிடவில்லை. லிஸ்டைத் தவிர அவரிடம் பயின்ற இன்னொருவர் லெஷெடிட்ஸ்கி. லெஷெடிட்ஸ்கியிடம் பயின்றவர் ஆர்த்தர் ஷ்னாபெல். பீத்தோவனின் 32 பியானோ ஸொனாட்டாக்களையும் முதன்முதலாக இசைத்தட்டில் முழுமையாகப் பதிவு செய்தவர், 1930-களில், அந்த ஷ்னாபெல்தான்.