நர்சரியில் சிவப்பு, வீட்டுக்கு வந்தா பச்சை... கார்டிலைன் செடியின் கலர் ஏன் மாறுது?

நர்சரியில் பார்க்கும்போது பளிச்சென்று பிங்க் கலரில் கண்ணைப் பறித்த செடி அது. வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று மாதத்தில் இலை பச்சையாக மாறுகிறது. இல்லாவிட்டால் இலை நுனி கருகி, பழுப்பேறி நிற்கிறது. 'ஏமாத்திட்டாங்க' என்று நர்சரிக்காரரைத் திட்டிவிட்டு, பலரும் செடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் தப்பு செடியில் இல்லை. அதை வைத்த இடத்திலும் ஊற்றும் தண்ணீரிலும்தான் இருக்கிறது.

இது எந்தச் செடி?

நம்ம ஊரில் கலர் இலை இருந்தாலே அது 'குரோட்டன்ஸ்'தான். சில நர்சரிகளில் 'டிரசீனா' என்று சொல்லியும் விற்பார்கள். இதன் சரியான பெயர் கார்டிலைன் ஃப்ரூட்டிகோசா. டிரசீனாவும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், தொட்டி மாற்றும்போது வேரைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கார்டிலைன் வேர் வெள்ளையாக இருக்கும், டிரசீனா வேர் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் காலங்காலமாக வளர்க்கப்படும் செடி இது. கடலோடிகளான பாலினேசியர்கள்தான் இதை ஹவாய் வரை கொண்டுபோனார்கள். அங்கே இதற்குப் பெயர் 'டி' செடி. வீட்டைச் சுற்றி வைத்தால் நல்லது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. நாம் வாழை இலையைப் பயன்படுத்துவதுபோல, இதன் பச்சை இலையில் உணவைப் பொதிந்து வேகவைப்பார்கள்.

ஆக, வெப்பம் இதற்குப் புதிதில்லை. ஆனால் அது ஈரக்காற்றோடு சேர்ந்த வெப்பம். மே மாத அனல் காற்றும் உப்புத் தண்ணீரும்தான் இதற்கு ஆகாது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டிலைன் ஆஸ்ட்ராலிஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த அந்தச் செடி, குளிர்ச்சியான இடங்களுக்குத்தான் தோது.

வெயிலா, நிழலா?

இலையின் சிவப்புக்கும் பிங்க்குக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. போதிய வெளிச்சம் கிடைக்காவிட்டால் இது குறைந்து பச்சை மேலோங்கிவிடும். ஹால் மூலையில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்கிற செடிக்கு நடப்பது இதுதான்.

சரி, மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடலாமா? அதுவும் ஆபத்து. நர்சரியில் இதை நிழல்வலைக்குக் கீழேதான் வளர்த்திருப்பார்கள். அங்கிருந்து நேராகக் கத்திரி வெயிலுக்குப் போனால் ஒரு வாரத்திலேயே இலை வெளுத்து, தீய்ந்துபோகும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்து, மதியத்துக்கு மேல் நிழலாகும் இடம்தான் சரி. கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் யோகம்தான். மாடியில் வேறு வழியில்லை என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டலாம். இடம் மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாமல், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது.

இடம் மாற்றியதும் பழைய இலை மறுபடி சிவக்கும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வரும் குருத்தில்தான் மாற்றம் தெரியும். அதேபோல 'ரெட் சிஸ்டர்' வகையில் குருத்து பிங்க் ஆகவும், வயதான இலை கருஞ்சிவப்பாகவும் இருப்பது இயல்பு. அது நோய் இல்லீங்க.

நுனி ஏன் கருகுது?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கார்டிலைனுக்கு உப்பும் ஃபுளோரைடும் ஆகவே ஆகாது. இரண்டும் இலை நுனியில் போய்ச் சேரும், நுனி பழுப்பாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

முக்கியமாக, ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர். 'வீணாக்கக் கூடாது' என்று பல வீடுகளில் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், கார்டிலைனுக்கு வேண்டாம். உப்பு போர் தண்ணீரும் அப்படியே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம். அங்கே வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மழைத்தண்ணீர் இதற்கு அமிர்தம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிட்டத்தட்ட இருக்காது என்பதால் தாராளமாக ஊற்றலாம். போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், மழைக்காலத்தில் தொட்டியை வெளியே வைத்து, அடித்துளை வழியாக உப்பு கழுவிப்போக விடுங்கள். தேங்காய் நார்க்கழிவு கலப்பதாக இருந்தால் அதையும் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், அதிலும் உப்பு உண்டு. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரைடு இருப்பதால் அது வேண்டாம். மண்புழு உரம் போதும்.

மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். ஆனால் முழுசாகக் காயவிடாதீர்கள். வெயில் காலத்தில் இலைக்கு அடியில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் அவற்றுக்கு வாந்தியும் எச்சில் வடிதலும் வரும்.

மொட்டையா நிக்குதா?

கீழ் இலையெல்லாம் உதிர்ந்து, குச்சி மட்டும் உயரமாக நிற்கிறதா? செடி சாகவில்லை. தைரியமாகத் தண்டை வெட்டலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் துளிர் வரும். இலையோடு இருக்கும் நுனியைத் தனியாக நட்டால் அதுவும் வேர்விடும். நடுத்தண்டை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக்கி, ஈர மணலில் படுக்கவைத்துப் பாதி புதையும்படி அழுத்தினால், ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். துளிர் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், தோண்டிப் பார்க்காதீங்க. கோடை அனல் தணிந்த பிறகு, ஆடி மாதத்தில் இதை ஆரம்பிப்பது வசதி.